முதலாளியின் ஃபோர்டு புராணம்

எங்கள் முதலாளி தங்கதுரைக்கு இரண்டு அப்பாக்கள். ஒருவர் குன்னத்தூரில் மஞ்சளும் கடலையும் போட்டு இவரைப் படிக்க வைத்தவர். இன்னொருவர் அமெரிக்காவில் கார் செய்த ஹென்றி ஃபோர்டு. முதல் அப்பாவின் படம் அலுவலகத்தில் பீரோவுக்கு மேலே தூசியோடு இருக்கிறது. இரண்டாவது அப்பா கம்பெனி வாசலில் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறார். அவருக்குத் தினமும் புது மாலை.

நான் சித்ராதேவி. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினான்கு வருஷம். இந்தப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் திங்கட்கிழமை தவறாமல் ஃபோர்டு புராணம் கேட்டுக் காது புளித்துப்போனவள். காலை எட்டரைக்கு நாங்கள் மிஷினில் உட்கார்ந்ததும் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் கார் சாவி. சாவிக்கொத்தில் தொங்கும் நீலச் சின்னம் வெளியே தெரிகிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எட்டுல டி மாடல்னு ஒரு காரு உட்டாருங்க. குதிர வண்டீல போயிட்டிருந்த சனத்தையெல்லாம் காருல ஏத்துனாரு. ஒன்னரைக் கோடி காருங்க! அது எப்புடி முடிஞ்சுது? முன்ன ஒரு காரைக் கோக்கறதுக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவுரு அதைய ஒன்னரை மணி நேரமாக்கிப்போட்டாரு. எப்புடீன்னா, ஆளு எந்திரிக்கவே இல்லீங்க. காருதான் ஆளுகிட்ட நகந்து வந்துச்சு.”

ஆளு எந்திரிக்கவே இல்லை. அவருக்கு அந்த மொத்தக் கதையிலும் பிடித்தது இந்த மூன்று வார்த்தைதான். ஃபோர்டிடம் ஓடுகிற பெல்ட் இருந்தது. எங்களிடம் இருப்பது பிளாஸ்டிக் கூடை. தைத்த பீஸை அதில் போட்டுக் காலால் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். ஆனால் ஒருத்தி தண்ணீர் பிடிக்க எழுந்தால் போதும், “லைன் உடையுது, லைன் உடையுது” என்று மேனேஜர் சரவணக்குமார் தலைதெறிக்க ஓடி வருவார். பெல்ட் வாங்கச் செலவாகும். எழுந்திருக்காதே என்று சொல்ல என்ன செலவு?

அவருடைய கார் பைத்தியம் திருப்பூர் முழுக்கத் தெரியும். எல்லாம் ஃபோர்டு வண்டிதான். முதலில் ஐகான். பிறகு ஃபியஸ்டா. மருமகளுக்கு ஃபிகோ. கடைசியாக வீடு நகர்ந்து வருவது மாதிரி ஒரு எண்டெவர். நம் நாட்டில் இனிமேல் கார் செய்யப்போவதில்லை என்று 2021-ல் அந்தக் கம்பெனி அறிவித்தபோது ஒரு வாரம் தாடியோடு திரிந்தார். பெற்ற தாய் செத்ததற்கு மூன்றாம் நாளே வந்து ஷிப்மெண்ட் எப்போது என்று கேட்டவர் இவர். ஆயுத பூஜை அன்று எண்டெவருக்குத்தான் முதல் பூசணிக்காய். அவருக்குச் சோறு போடுகிற முப்பத்திரண்டு மிஷின்களும் அதுவரை பொட்டில்லாமல் காத்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சிரிக்க முடியாமல் செய்தது என் மகள் அபிராமியின் வயிற்று வலி.

அபிராமி எட்டாம் வகுப்பு. அவள் அப்பன் எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது, அந்த அழகை இங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் இருக்கிறோம். எதிரும் புதிருமாகப் பத்து வீடு, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ். பள்ளிக்கூடம் விட்டு ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். எனக்கோ ஊரில் எல்லோரையும் போல ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருக்கலாம். வீடு போக ஒன்பது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவன் தீப்பெட்டி வேண்டும் என்று கதவைத் தட்டியிருக்கிறான். இன்னொரு நாள் சார்ஜர். மூன்றாம் முறை எதுவும் கேட்கவில்லை, அவள் கக்கூஸுக்குப் போகிற வழியில் சும்மா நின்றிருக்கிறான். அன்றிலிருந்து வந்ததும் தாழ் போட்டுக்கொண்டு, விளக்குப் போடாமல், ஒன்பது மணி வரை ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடமும் சொல்லவில்லை. நீர்க்கடுப்பும் வயிற்று வலியும் வந்து காய்ச்சலாகி, டாக்டரம்மா குடைந்து கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னேன். “அவன் என்ன கையவா புடிச்சான்?” என்று கேட்டார். மறுநாள் முதலாளியிடம் போனேன். வருஷப் பரீட்சை முடிகிற வரைக்கும் ஒரு ஷிப்ட் மட்டும் பார்க்கிறேன், ஐந்தரைக்கு விட்டுவிடுங்கள் என்றேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன்.

கவனமாகக் கேட்டார். இந்த ஊர் முதலாளிகள் கழுத்தை அறுக்கும்போதும் மரியாதை குறையாமல் அறுப்பார்கள்.

“உம்பட கஷ்டம் எனக்குப் புரியாமயா அம்மிணி? ஆனாப் பாரு, லைன்ல ஒருத்தி எந்திரிச்சா மிச்சமிருக்கறவீக கையக் கட்டீட்டில்ல உக்காரோணும்? ஃபோர்டு கம்பெனீல ஒரு நட்டு முடுக்கறவன் எந்திரிச்சுப் போனா காரு வெளிய வருமா? நீ அந்த நட்டு மாதிரி. உன்னையாட்ட ஆளுகளாலதான் கம்பெனியே நிக்குது. போ சாமி, போயி வேலையப் பாரு.”

என் மகள் ஒன்றுக்குப் போக முடியாமல் கிடக்கிறாள் என்று சொன்னால், என்னை நட்டு என்று சொல்லி அதைப் பாராட்டாகவும் நினைக்கச் சொல்கிற மனிதரை என்ன செய்வது? வேறு கம்பெனிக்குப் போகலாம்தான். எங்கே போனாலும் அதே ஒன்றரை ஷிப்ட். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொரி கடலையோடு ஒரு புத்தகமும் கொடுத்தார். பதினாறு பக்கம், வழவழ தாள். ஃபோர்டு கம்பெனியின் வரலாறு. ஒரு கல்லூரி வாத்தியாரைப் பிடித்து எழுத வைத்திருந்தார். அட்டையில் ஒரு பக்கம் டி மாடல் கார், மறுபக்கம் எண்டெவர் மேல் கை வைத்தபடி தங்கதுரை. நடுவில் நூறு வருஷம் என்ன நடந்தது என்பது அவருக்கு அவசியமில்லை. தன் படம் இருக்கிற பக்கத்தைத் தவிர எதையும் அவர் படிக்கவில்லை என்று எனக்கு அடித்துச் சொல்ல முடியும், ஏனென்றால் அபிராமி எனக்கு முழுவதும் படித்துக் காட்டினாள்.

பதினோராம் பக்கத்தில் எட்சல் என்று ஒரு கார். 1957-ல் ஃபோர்டின் மகன் பெயரை வைத்து இறக்கினார்களாம். வாங்க ஆளில்லாமல் இரண்டே வருஷத்தில் ஊற்றி மூடினார்களாம். எங்கள் முதலாளியும் மகன் தரணி பெயரில் ஒரு பனியன் இறக்கினார். இன்னும் குடோனில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, சரவணக்குமார் அதில்தான் டீ டம்ளர் துடைக்கிறார். பதினோராம் பக்கத்தைப் படித்திருந்தால் அச்சடிக்க விட்டிருப்பாரா? அன்றைக்கு நானும் அபிராமியும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் அதற்கு முன்பே, ஒன்பதாம் பக்கத்தில், எனக்குச் சுருக்கென்று இருந்தது. 1914-ல் ஃபோர்டு சம்பளத்தை இரண்டு மடங்குக்குப் பக்கமாக ஏற்றினாராம். ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தாராம். அதற்குப் பிறகும் கார் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பத்தாம் பக்கத்தில், தொழிலாளி எப்படி வாழ்கிறான் என்று அவன் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்ததாகவும் போட்டிருந்தது. வேவு பார்க்கத்தான் அனுப்பியிருப்பார், அந்த அமெரிக்காக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆனாலும், எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் சாயங்காலம் யாராவது ஒரு ஆள் வந்து பார்க்கமாட்டானா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

தை மாதம் ஆடிட் வந்தது. எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சார்பாகக் கம்பெனியைச் சோதிக்க வருகிறவர்கள். அதற்கு முதல் நாளே சரவணக்குமார் எங்களுக்குப் பாடம் எடுப்பார். எத்தனை மணி நேர வேலை? எட்டு. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீர்கள்? ஐந்தரை. நல்ல தண்ணீர் உண்டா? உண்டு. வருஷா வருஷம் ஒப்பித்து ஒப்பித்து எங்களுக்கு மனப்பாடம். ஆடிட்டர்கள் வழக்கமாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள், நாங்கள் எட்டரை வரை தைப்போம். அந்த வாரம் அவசர ஷிப்மெண்ட் வேறு.

வந்தவர் பெயர் சண்முகப்பிரியா. சென்னைக்காரர், முப்பது வயதிருக்கும். மூன்று மணிக்கு என்னைத் தனி அறையில் உட்கார வைத்துக் கேட்டார். “தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?”

“அஞ்சரைக்கு மேடம்,” என்றேன். அபிராமி முகம் கண்ணுக்குள் நின்றது. உண்மையைச் சொன்னால் ஆர்டர் போகும், எனக்கு மட்டுமா, முப்பத்திரண்டு பேருக்கும் வேலை போகும். பொய்யைச் சொல்லிவிட்டு என்னையே காறித் துப்பலாம் போல இருந்தது.

நாலு மணிக்கு மேடம் பையைத் தோளில் மாட்டினார். அப்படியே வழியனுப்பியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் வாசலில் ஃபோர்டு படம் இருந்ததே! “இது யாருங்க, ஹென்றி ஃபோர்டா?” என்று அந்தப் பெண் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அவ்வளவுதான், முதலாளிக்கு அருள் வந்துவிட்டது. பையைத் திரும்ப இறக்கி வைக்கச் சொல்லி, எங்கள் லைனுக்கு எதிரே நாற்காலி போட்டு, டீயும் முறுக்கும் வரவழைத்து, கையில் புத்தகத்தைக் கொடுத்து ஆரம்பித்தார்.

டி மாடல் முடிய நாலரை. ஏன் பல வருஷம் கறுப்புக் கலர் மட்டுமே விட்டார்கள் என்பது நாலே முக்கால் வரை. அறுபத்து நாலில் மஸ்டாங் கார் வந்ததும் அமெரிக்காவில் இளவட்டங்கள் கடை வாசலில் முட்டி மோதியதை, தானே கூட நின்று முட்டியது போலச் சொன்னார். பிறகு லாரி. பிறகு ஐகான். சரவணக்குமார் கண்ணைக் காட்டினார், இருமினார், கைக்கடிகாரத்தைத் தட்டினார். முதலாளி அவரைக் கொசு மாதிரி விரட்டிவிட்டு எண்டெவருக்குள் ஏறினார். மேடம் தலையாட்டிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினார்.

“சார், இது நல்லா இருக்கே,” என்றார் திடீரென்று. “தொள்ளாயிரத்துப் பதினாலுலயே எட்டு மணி நேரம் ஆக்கிட்டாருன்னு ஒன்பதாம் பக்கத்துல போட்டிருக்கீங்க.”

முதலாளி அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சமாளிப்பதில் கில்லாடி. “ஆமாங்க, ஆமாங்க! அவுரு வழிதானுங்க நம்புளுக்கும். அஞ்சரைக்கு மேல நம்ம கம்பெனீல ஒரு மிஷினு ஓடாதுங்க.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து இருபத்தாறு. என் கை தைத்துக்கொண்டே இருந்தது. ஐந்தரை ஆனது. மணி அடிக்க வேண்டிய சரவணக்குமார் சிலையாக நின்றார்.

நான் மிஷினை நிறுத்தினேன். எழுந்தேன். துணித் தூசியை உதறிவிட்டு நேராக முதலாளி முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, அஞ்சரை ஆச்சு. கெளம்புறேன்.”

அவர் என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். வாயில் இருந்த முறுக்கை மென்று விழுங்க முடியவில்லை. “போய்ட்டு வா அம்மிணி,” என்றார். ஆறு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. என் அடுத்த மிஷின் வெள்ளையம்மாள். பிறகு இன்னொன்று. பிறகு லைன் முழுவதும். முப்பத்திரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். ஷிப்மெண்ட் பீஸ்கள் கூடை கூடையாகக் கிடந்தன.

மேடம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். என்னிடம் கேட்டார். “தினமும் இப்படித்தானா?”

“ஐயாவையே கேளுங்க மேடம். நாளைக்கும் இதே நேரந்தானே ஐயா?”

“இதே நேரந்தான்,” என்றார் முதலாளி. நெற்றி வியர்வையைத் துடைத்தார். “தெனமும் இதே நேரந்தானுங்க.”

அத்தனை பேர் காதிலும் விழுந்தது. மேடம் எதையோ எழுதிக்கொண்டார். நாளைக் காலையில் இந்த மனிதர் மாற்றிப் பேசுவார், சரவணக்குமாரை விட்டு என்னை நிற்க வைத்துக் கேட்பார், தெரியும். கேட்கட்டும். நாளைக்கும் ஐந்தரைக்கு எழுந்திருப்பேன். ஒருவேளை எழுந்திருக்க எனக்கு மிஷினே இருக்காது. அப்படியொரு கோழைக்குப் பயந்தா இத்தனை நாள் என் பிள்ளையை இருட்டில் பூட்டி வைத்தேன் என்று நினைக்க நினைக்கத்தான் எனக்கு எரிந்தது.

வெயில் இருக்கும்போதே லைன் வீட்டுக்குள் நுழைந்தேன். எதிர் வீட்டுக்காரன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போனான். எங்கள் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

மறுபடியும் தட்டினேன்.

“அம்மா உள்ள தூங்கிட்டிருக்காங்க,” என்றது அபிராமியின் குரல். “எழுப்புனா திட்டுவாங்க. அப்புறமா வாங்க.”

அப்படிச் சொல்ல நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே யோசித்து வைத்திருக்கிறாள். மதியம் நான் மேடத்திடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

“அபி, நாந்தான்டி. தொற.”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாழ் விலகியது. என்னையும் எனக்குப் பின்னால் இருந்த வெயிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாம்மா?” என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கக்கூஸைப் பார்த்து ஓடினாள்.