மாஸ்டருக்கு வாராவாரம் ஒரு ஊசி

ஐந்து பிள்ளை பெற்றவள் என்ற ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது. நாத்தனார் பேசினாள். பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து தம்பி பெண்டாட்டியை ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்க விடவில்லை.

"காலைச் சுவத்துல தூக்கி வெச்சுப் படுன்னு சொன்னேனே, செஞ்சியா? உடனே எழுந்து பாத்ரூமுக்கு ஓடினா அப்புறம் எப்படிடி நிக்கும்?"

"செஞ்சேன் அண்ணி."

"அப்ப மனசுல ஏதோ கவலையைப் போட்டு வெச்சிருக்கே. கவலைப்பட்டா கரு தங்காது. சிரிச்ச முகமா இரு."

சிரித்த முகமாம்! இந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு எவளால் சிரிக்க முடியும்?

தெருவில் எல்லோருக்கும் இந்தத் தம்பி பெண்டாட்டி ஊசிக்காரி. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் உதவியாளாக இருந்தாள். கடிக்க வரும் நாய்கூட அவள் ஊசி போட்டதே தெரியாமல் வாலாட்டிக்கொண்டு நிற்கும். அந்த வேலையும் நாத்தனாரின் கண்ணை உறுத்தியது. நாய் முடி மூச்சில் ஏறிப் போய்க் கருப்பையை அடைத்துவிடுமாம். மூக்கில் ஏறியது எந்த வழியாக அங்கே போகும் என்று கேட்டால், எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதற்கு ஒரு பாட்டு.

தம்பியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டாள். கீழே ஜிம், மேலே வீடு. ஜிம்முக்கு அவன்தான் முதலாளி, அவன்தான் மாஸ்டர். மாடிப்படித் திருப்பத்தில் ஆளுயரத்துக்கு அவன் படம் தொங்கியது. எண்ணெய் தடவிய உடம்பு, புடைத்த கை, கதவையே அடைக்கிற தோள். வீட்டுக்கு வருகிறவர்களை நாத்தனார் அங்கே நிறுத்தி வைத்துக் கேட்பாள்: "இந்த உடம்புலயா குறை இருக்கும்? நீங்களே சொல்லுங்க." அவர்களும் தலையை ஆட்டிவிட்டு ஊசிக்காரியின் ஒல்லி இடுப்பை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் நாத்தனார் போட்டு உடைத்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. குறை உன்கிட்டத்தான்னு ஆயிட்டா, நீ பெட்டியைக் கட்டிடு. தம்பிக்கு நான் வேற பொண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

மாஸ்டர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவித்த முட்டையிலிருந்து மஞ்சள் கருவைத் தோண்டி ஒதுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இருவரும் போய்ப் பார்த்த டாக்டரம்மா கறாரான ஆள். இரண்டு பேருக்குமே சோதனை வேண்டும் என்றார். மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான்.

"என்னைப் பார்த்தா சோதனை பண்ண வேண்டிய ஆள் மாதிரியா தெரியுது?"

"கையைப் பார்த்து அதெல்லாம் சொல்ல முடியாது. சாம்பிள் கொடுத்துட்டுப் போங்க."

முடிவு கேட்க மறுபடி போனபோது டாக்டரம்மா முதலில் அவளிடம்தான் பேசினார். "உங்க சோதனையில ஒரு குறையும் தெரியல." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "உங்க விந்துல உயிரணு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உடம்பை ஏத்துறதுக்கு ஊசி ஏதாவது போட்டுக்கிறீங்களா?"

"சேச்சே! சத்து மாத்திரை மட்டும்தான்."

ஊசிக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அடப்பாவி! வாராவாரம் அவள்தானே போட்டு விடுகிறாள்? சத்து மருந்து, ஆம்பளைக்கு நல்லது, உன் கைதான் வலிக்காம போடும் என்று கொஞ்சிக் கொஞ்சி நீட்டுவானே! அவளும் கட்டின புருஷனை நம்பி, இத்தனை காலமாக...

"பொய் சொல்றார் டாக்டர். நான்தான் போட்டு விடுறேன்."

"அது ஆண் ஹார்மோனாத்தான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா. "வெளியில இருந்து அது வந்துக்கிட்டே இருந்தா, நமக்கென்ன வேலைன்னு உடம்பு உயிரணு தயார் பண்றதையே நிறுத்திடும். தோள் பெருக்கும், உள்ள காலி. அந்தக் குப்பியைக் கொண்டு வாங்க, எப்படி நிறுத்துறதுன்னு சொல்றேன். நிறையப் பேருக்குத் திரும்ப வந்திருக்கு. மாசக்கணக்கா ஆகும், சிலருக்கு வருஷம்கூட ஆகும். அதுக்கு வைத்தியமும் இருக்கு. ஆனா முதல்ல அந்த ஊசி நிக்கணும்."

"அப்ப இந்தக் காலைத் தூக்கி வெச்சுப் படுக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

"முதுகு வலிக்கும். வேற ஒண்ணும் ஆகாது."

வெளியே வந்தபோது அவளுக்குக் கோபத்தைவிட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. வழி இருக்கிறது! தன் வீட்டில், தன் மடியில் ஒரு பிள்ளை வர வழி இருக்கிறது!

"நிறுத்திடலாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினாள்.

"நிறுத்தினா உடம்பு இறங்கிடும். அப்புறம் எவன் என்னை மாஸ்டர்னு மதிப்பான்? இதோ பாரு, வீட்ல வாயைத் திறந்தே, பல்லைக் கழட்டிடுவேன்."

வாசலிலேயே நாத்தனார் காத்திருந்தாள். "என்னடா சொன்னாங்க?"

"இவகிட்டத்தான் கோளாறாம்க்கா" என்றான் மாஸ்டர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

இப்படி வாய் கூசாமல் ஒருவன் பொய் சொல்வானா?

"நான் அப்பவே சொல்லல?" என்று நாத்தனார் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அலமாரியைத் திறந்து ஊசிக்காரியின் துணிகளை அள்ளி அள்ளித் திணித்தாள். ஐந்து பிள்ளைக்குத் துணி மடித்த கைக்கு அன்றைக்கு மடிக்கக்கூடப் பொறுமையில்லை.

அப்போதுதான் உள் அறையிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. "ஏய், இன்னிக்கு ஊசி நாள். போட்டுட்டுப் போ."

போட்டுட்டுப் போவாம்! என்ன நெஞ்சழுத்தம்! வீட்டை விட்டுத் துரத்துகிற நேரத்திலும் இவள் கை வேண்டுமாம்.

அவள் உள்ளே போனாள். அவன் கால்சட்டையைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். கையைக் கழுவி, மருந்தை ஏற்றி, ஊசியைச் சுண்டிக் காற்றை வெளியேற்றினாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள். "அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க."

கையில் ஒரு துணியோடு வந்து நின்றாள் நாத்தனார். ஊசிக்காரி துணியை வாங்கிக்கொண்டு ஊசியை அந்தக் கையில் வைத்தாள்.

"இனிமே நீங்க போடுங்க. இதைப் போட்டுப் போட்டுத்தான் உங்க தம்பிக்கு உயிரணு இல்லாம போச்சு. என்கிட்ட ஒரு குறையும் இல்லை. டாக்டர் எங்க ரெண்டு பேர் முன்னாடியும் சொன்னது. இல்லைன்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க."

மாஸ்டர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து ஒரு சின்ன 'இல்லை' வரவில்லை.

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாய் அடங்குமா? "போட்டது யாரு? நீதானே? அப்ப உன்னாலதானேடி எல்லாம்?"

ஊசிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளாக நாத்தனார் கேட்ட சிரித்த முகம் அன்றைக்குத்தான் வந்தது.

"ஆமா அண்ணி, என் கைதான். அந்தக் கை இப்ப கிளம்புது."

பெட்டியை அழுத்தி மூடினாள். வாசலில் திரும்பி நின்றாள். "பார்த்து வெச்சிருக்கிற பொண்ணுகிட்ட முதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க. ஊசி போடத் தெரியுமான்னு."

படத்தைத் தாண்டிப் படியிறங்கும்போது மேலே மாஸ்டரின் குரல் கேட்டது. அவளைக் கூப்பிடுகிறானோ என்று ஒரு கணம் நின்றாள்.

"அக்கா, அதைக் கீழ கொட்டிடாதக்கா" என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். "நீயே போட்டுடு."