மூக்கம்மாவின் பங்கும் ஜாடியின் பங்கும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இது என் கற்பனை இல்லை. சேரங்கோட்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி சொன்னது. பெயர் பங்கஜம், கோயமுத்தூர்க்காரி. மடியில் கண்ணாடி ஜாடி. உள்ளே சோறு.

தேயிலையிலும் கீரையிலும் உள்ள துவர்ப்புப் பொருள் தோட்டத்து ஜனங்களின் வயிற்றுக்குள் தினமும் எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஆய்வில் அவளுக்கு வேலை. அவர்கள் எதைச் சாப்பிட்டாலும் அதே அளவு இன்னொரு பங்கை ஜாடியில் போட வேண்டும். [டானின் என்று எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். துவர்ப்பு போதும்.]

2

'மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்—'

வேண்டாம். மலைக்கதை என்றால் உடனே பனியை இறக்கிவிடுகிறோம்.

மூக்கம்மாவுக்கு ஏழாம் மாதம். கொழுந்து பறிக்கையில் மயங்கி விழுந்தவள். துவர்ப்பு சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். துவர்ப்பு அதிகம், சாப்பாடு குறைவு என்று கணக்கு வந்தால் ரத்தத்துக்கு மாத்திரை உண்டு. அவள் ஜாடியிலோ சோறு, கீரை, அவித்த முட்டை. பங்கஜத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

3

"ஏனுங்க, நீங்களும் இதேதான் சாப்பிட்டீங்களா?"

"நான் தேத்தண்ணி குடிச்சிட்டேம்மா."

"சோறு?"

"எங்க வீட்டுக்காரருக்குப் போக ஒரு பங்குதானே இருந்துச்சு. கேட்டு வந்தவங்களுக்கு வைக்காம நான் எப்புடித் திங்கிறது?"

"அப்ப ஜாடியில தேத்தண்ணி ஊத்தலீங்களா?"

"வெறும் சாயத்தையா? வெக்கமா இருக்காது?"

ஆக, அவள் சாப்பிடாததெல்லாம் ஜாடியில் இருக்கிறது. குடித்தது மட்டும் இல்லை. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டில் எதை எழுதுவது?

4

முடிவு ஒன்று: பங்கஜம் ஊட்டியில் ஜாடியை ஒப்படைக்கிறாள். மூக்கம்மா நன்றாகச் சாப்பிடுகிறவள் என்று பதிவாகிறது. மாத்திரை இல்லை.

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். மாத்திரை வருகிறது. லைன் வீடுகளுக்கு நடுவில் நின்று பெயர் கூப்பிட்டுத்தான் கொடுப்பார்களாம். மூக்கம்மா அதை வாங்க வெளியே வருவாளா?

முடிவு மூன்று: நான் இந்தக் கதையை...

பந்தலூரில் பஸ் நின்றது.

"இன்னைக்கும் சொல்லச் சொல்லக் கேக்காம மூடிக் குடுத்துட்டாங்க. இறங்கித் திரும்பிப் போயி இந்தச் சோத்த அவங்களுக்கே குடுத்துரட்டுங்களா? நீங்க கதையெல்லாம் எழுதறவரு, சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன். [வெட்கக்கேடு.] கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். நீங்களாவது சொல்லுங்கள், சீக்கிரம். ஜாடியில் சூடு ஆறவில்லை. மூக்கம்மா இன்னும் சாப்பிடவில்லை.