ஐம்பத்தெட்டு, எண்பத்தைந்து

ஏப்ரல் 11, சனி

இன்றைய தவறு: இது இன்று செய்ததல்ல. மார்ச் பதினான்காம் தேதி செய்தது, இன்றுதான் கண்ணில் பட்டது. 58 என்று எழுத வேண்டிய இடத்தில் 85 என்று எழுதியிருக்கிறேன்.

மாலைக் கணக்கியல் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: குறிப்பேட்டில் அன்றைய தவறை முதலில் எழுது, மறுநாள் வேலையைக் கடைசியில் எழுது, நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுது. பக்க எண் போடு, கிழிக்காதே. எண்களை வைத்துப் பிழைக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வேண்டுமாம். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்துக்குள் பொருத்துகிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் வில்லை உடையும், உடனே தெரிந்துவிடும். எண்கள் அப்படி இல்லை. பிசகினாலும் ஒரு மாதம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் என்ன செய்வது என்று தெளியலாம்.

'இருள்பாலம்' படங்கள் நான்கு வந்தன. அந்தக் கதையை வைத்து ஒரு வீடியோ கேம் வருகிறது என்று ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அறிவித்தார்கள். ஆறு தடவை தேதி சொன்னார்கள், ஆறு தடவையும் தள்ளிவைத்தார்கள். காத்திருப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. அங்கே தினமும் காலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் 'வந்தாச்சா?' என்று எழுத வேண்டும், அடுத்தவர் 'இல்லை' என்று பதில் போட வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. மன்றத்தை நடத்துபவருக்குக் கிழவர் என்று பட்டப்பெயர். வயது இருபத்துநான்குதான். பதினைந்து வயதில் காத்திருக்க ஆரம்பித்தவர் என்பதால் அந்தப் பெயர். மருந்துக் கடையில் வேலை. இந்த விளையாட்டுக்காக மூன்று முறை விடுப்பு எடுத்து மூன்று முறையும் வீட்டில் சும்மா இருந்திருக்கிறார். என் பெயர் அங்கே 'கண்ணாடி'.

மார்ச் 3 அன்று விளையாட்டுக்கு வயதுவரம்புச் சான்றிதழ் கிடைத்த செய்தி அரசுப் பட்டியலில் வந்தது. அதே நிறுவனத்தின் முந்தைய ஐந்து விளையாட்டுகளை எடுத்தேன். சான்றிதழ் வந்து எத்தனை நாளில் ஒவ்வொன்றும் விற்பனைக்கு வந்தது என்று எண்ணினேன். சராசரி அறுபத்தைந்து நாள் வந்தது. மார்ச் 3-இலிருந்து அறுபத்தைந்து நாள் என்றால் மே 7, வியாழன். அவர்கள் எப்போதும் வியாழக்கிழமைதான் வெளியிடுவார்கள். வியாழன் என்று வந்ததும் சந்தோஷத்தில் திரும்பச் சரிபார்க்காமல் மன்றத்தில் போட்டுவிட்டேன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

நேற்று முன்தினம் நிறுவனம் அதிகாரபூர்வமாக அறிவித்தது: மே 7.

அன்று மன்றத்தில் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டார்கள். 'கண்ணாடிக்குச் சிலை வையுங்கப்பா' என்று ஒருவர். 'என் கல்யாணம் எப்போன்னும் கணக்குப் போட்டுச் சொல்லு தாயே' என்று இன்னொருவர். கடையில் வில்லை பொருத்தும்போதுகூடச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று மதியம் மூன்று மணிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை என்பதால் எனக்கு அரை நாள்தான் கடை, நானும் வீட்டில் இருந்தேன். அவன் கழுத்தில் அடையாள அட்டை இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அண்ணன் வேலை பார்ப்பது விளையாட்டுகளைச் சோதித்துப் பார்க்கும் நிறுவனத்தில். ஒன்றரை வருடமாக அவன் கையில் இருந்தது இருள்பாலம்தான் என்பது எனக்கே நேற்றுதான் தெரியும். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து குளிக்கப் போய்விடுவான். அவனுக்குப் பொறாமை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

"உன் பதிவைப் பிரிண்ட் எடுத்து மேஜைல வச்சிருந்தாங்க," என்றான். "நாலு வாரம் முன்னாடியே எப்படித் தெரியும்னு கேக்குறாங்க."

"நான் கணக்குப் போட்டேன்ணா."

"அதைத்தான் நானும் சொன்னேன். என் டீம்ல ஒருத்தன்கிட்ட என் தங்கச்சிதான் கண்ணாடின்னு போன வருஷம் பெருமையா சொல்லித் தொலைச்சிட்டேன். அவன் வாய் சும்மா இருக்குமா?"

"இப்ப என்ன ஆகும்?"

"திங்கக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, உன்னையும் கூட்டிட்டு. நீ தேதி போட்டு நோட்டு எழுதுறவன்னு சொல்லிட்டேன். அந்த நோட்டே வேணுமாம். கணக்கு சரின்னா நான் தப்பிச்சேன். இல்லன்னா வேலை போச்சு. வேலை மட்டும் போனாப் பரவாயில்ல, தகவலை வெளிய விட்டவன்னு பேர் எடுத்தா இந்தத் தொழில்ல எவனும் சேத்துக்க மாட்டான்."

"கணக்கு சரியாத்தான் இருக்கும்."

"அதான் எனக்கும் தைரியம்," என்றான். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

இன்று காலை, அவர்களிடம் விளக்குவதற்காகக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். ஐந்து எண்கள்: 61, 58, 64, 57, 60. கூட்டினால் முந்நூறு. ஐந்தால் வகுத்தால் அறுபது. நான் அறுபத்தைந்து என்று சொல்லியிருந்தேன். மூன்று தடவை கூட்டினேன். பிறகு மார்ச் 14-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாவது எண் 85 என்று இருந்தது. என் கையெழுத்துதான், அழகாக, நிதானமாக எழுதியிருக்கிறேன்.

சரியாகப் போட்டிருந்தால் மே 2 வந்திருக்கும். அதற்கு மிக அருகில் உள்ள வியாழன் ஏப்ரல் 30. மே 7 என்ற தேதிக்கு என் முறையில் இடமே இல்லை. தவறான கணக்கு, சரியான விடை. விடையை முதலில் தெரிந்துகொண்டு கணக்கைப் பிறகு ஜோடித்தவளின் குறிப்பேடும் இப்படித்தான் இருக்கும்.

கடையில் இன்று இரண்டு வில்லைகளை உடைத்தேன்.

சாயங்காலம் கிழவரைத் தொலைபேசியில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக் கடையில் கூட்டம். பேச்சுக்கு நடுவே "சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளைம்மா" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"பதறாத," என்றார். "ஆறாவதா ஒரு போன் விளையாட்டு விட்டாங்களே, பாலத்துல வண்டி ஓட்டுறது, ஞாபகம் இருக்கா? அதைச் சேர்த்தியா?"

"இல்ல. அது வேற குழு பண்ணினது."

"அதுக்கு எத்தனை நாள்?"

"தொண்ணூறு."

"முந்நூறும் தொண்ணூறும்?"

மனதிலேயே கூட்டினேன். முந்நூற்றுத் தொண்ணூறு. ஆறால் வகுத்தால் அறுபத்தைந்து. மிச்சம்கூட இல்லை.

"பாத்தியா," என்றார் கிழவர். "ஒன்பது வருஷத்துல முதல் தடவையா இந்த விளையாட்டு நமக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கு."

"அது ஏமாத்து வேலை."

"உங்க அண்ணன் ஏமாத்தலல்ல? அப்ப அது உண்மைக்கு ஒரு சின்னத் துணை, அவ்வளவுதான்... இந்தாங்க சார், மீதிச் சில்லறை." அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை.

நாளைய வேலை: காலைச் சாப்பாடு முடிந்ததும் அண்ணனிடம் சொல்வது.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றைய தவறு: 9.

சொன்னேன். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"யாருக்குத் தெரியும் இது?"

"கிழவருக்கு." பிறகு தொண்ணூறைப் பற்றியும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நோட்டை எடுத்துட்டு வா."

சமையலறை மேஜையில் விரித்தோம். அம்மா பக்கத்து அறையில் வானொலியோடு இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை, தொலைக்காட்சி பார்ப்பதை விட்டு ஆறு மாதம் ஆகிறது. மார்ச் 14-ஆம் தேதிப் பக்கத்தில், ஐந்தாவது எண்ணுக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அதற்கும் கீழே 'போன் விளையாட்டு சேர்க்கவில்லை, வேறு குழு' என்று எழுதியிருந்தேன்.

"எண்பத்தஞ்சை ஐம்பத்தெட்டா மாத்து. இங்க தொண்ணூறு போடு. கீழ இருக்கறத அடிச்சிடு."

"மை வேற மாதிரி தெரியும்."

"அதே பேனாதானே வச்சிருக்க? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா, ரீஃபில் தீர்ற வரைக்கும் வேற பேனாவத் தொடமாட்ட."

"அண்ணா, மாட்டிக்கிட்டா நீ உண்மையிலேயே குத்தவாளி ஆயிடுவ."

"மாத்தலன்னா மட்டும்? அங்க விசாரிக்க உக்காந்திருக்கற மூணு பேரும் உன் வகுப்புத் தோழிங்களா? கணக்கு தப்பு, விடை மட்டும் சரின்னு கொண்டுபோய் வச்சா சிரிப்பாங்க. ஒன்றரை வருஷம் நான் வாயத் தொறக்கல. உன்கிட்ட மட்டும் சொல்லணும்னு எத்தனை தடவை தோணியிருக்கும்னு உனக்குத் தெரியுமா? ஒரு எண்ணு எழுத உனக்குக் கை வரமாட்டேங்குது."

அதைக் கேட்டுப் பேனாவை எடுத்தேன். காலி வரியில் 9 எழுதினேன்.

பூஜ்யம் போடுவதற்குள் மை பின்பக்கம் ஊறுகிறதா என்று தாளைத் தூக்கிப் பார்த்தேன். பழக்கம். பின்பக்கம் மார்ச் 12-ஆம் தேதிக் குறிப்பு. ஊறவில்லை. ஆனால் கண் எழுத்தின் மேல் நின்றுவிட்டது.

'அம்மாவின் கண் அறுவை மே எட்டுக்குத் தள்ளிவைப்பு. ஏழாம் தேதி வரை அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காதாம்.'

அண்ணனும் படித்தான். இரண்டு முறை படித்தான் என்று நினைக்கிறேன்.

"நான் எப்ப சொன்னேன் இதை?"

"அம்மாகிட்ட. ஆஸ்பத்திரில இருந்து போன் வந்தப்ப. நான் அந்தப் பக்கம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"நீ கேட்டியா?"

"எழுதியிருக்கேனே."

"இல்லடி, நான் கேக்குறது... பதினாலாம் தேதி அந்த எண்பத்தஞ்ச எழுதும்போது உனக்கு இது ஞாபகம் இருந்துச்சா?"

நிஜமாகவே யோசித்தேன். வேலை போகும் என்ற பயத்தில் அல்ல, எனக்கே தெரிய வேண்டும் என்றுதான் யோசித்தேன். அன்று கடையில் இருந்து வந்தது, மழைத்தூறல், சான்றிதழ்ப் பட்டியலைத் திறந்தது எல்லாம் ஞாபகம் வருகிறது. மே 7 வந்ததும் ஏற்பட்ட சந்தோஷம் ஞாபகம் வருகிறது. அண்ணன் வாயால் ஏற்கெனவே கேட்ட தேதி என்பதால்தான் அது அவ்வளவு சரியாகப் பட்டதா? வேறு எந்தத் தேதி வந்திருந்தாலும் திரும்பக் கூட்டிப் பார்த்திருப்பேன். அதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

"தெரியலண்ணா," என்றேன். "தெரிஞ்சு பண்ணல. ஆனா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ண முடியாது."

அவன் தாளின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தான். கிழிக்கப் போகிறான் என்று நினைத்தேன். தையல் போட்ட நோட்டு, பக்க எண் போட்டது. ஒரு தாளை எடுத்தால் எதிர்ப்பக்கத் தாளும் கழன்று வரும். நான் தடுக்கவில்லை. கை எழவில்லை என்பதே உண்மை.

"என்னடா அங்க சத்தமே காணோம்?" என்று அம்மா கூப்பிட்டாள். "சண்டை போட்டா சத்தமா போடுங்க, எனக்கும் பொழுது போகும்."

அண்ணன் தாளை விட்டுவிட்டான். அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான், அந்த விளையாட்டின் பெயரைத் தவிர. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியை இப்போதும் மீறவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஐம்பத்தெட்ட எண்பத்தஞ்சா எழுதினாளா? இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் கண்ணு தெரியலன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குத் தேதி சொல்றது கூடவாடா குத்தம்?" என்று கேட்டாள்.

"அது அவங்க முடிவு பண்ணணும்மா."

அவன் மேஜைக்குத் திரும்பி வந்தான். "முதல் பக்கத்த நான் காட்டுறேன்," என்றான். "பன்னிரண்டாம் தேதிது. அது என் வாய்ல இருந்து வந்தது, நான்தான் சொல்லணும். கணக்க நீ சொல்லு. எண்பத்தஞ்சையும் சேத்து."

"இந்த ஒன்பதையும் சொல்லணும்."

"அதையுமா?"

"மை புதுசா இருக்கு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்."

அவன் அந்த ஒன்பதை விரலால் தொட்டுப் பார்த்தான். "நான் எழுதச் சொன்னேன்னு சொல்லு," என்றான் கடைசியில். "அதுவும் என் கணக்குலதான்."

வேலை தங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. கிழவர் இரண்டு தடவை கூப்பிட்டார், எடுக்கவில்லை. மன்றத்தில் என் பதிவுக்குக் கீழே இன்னும் பாராட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் அடுத்த படம் எப்போது என்று கேட்டிருக்கிறார்.

நாளைய வேலை: கடைக்கு அரை நாள் விடுப்பு சொல்வது. ஒன்பது மணிக்கு அண்ணனோடு கிளம்புவது. நோட்டில் இனி எதையும் தொடாமல், 41, 42 ஆகிய இரண்டு பக்கங்களையும் காட்டுவது. திரும்பி வந்ததும், முடிவு எதுவாக இருந்தாலும், கணக்கு தவறு என்று மன்றத்தில் எழுதுவது.