மாடியில் தங்கிய தம்பி

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, பஸ் ஓட்டுநர் சீருடையைக்கூடக் கழற்றாமல் தெருமுனை திரும்பியபோது எங்கள் வாசலில் என் தம்பி பத்திஸ்த் குனிந்து நின்றிருந்தான். எங்கள் வாசல் என்பது தப்பு. எங்கள் கதவுக்குப் பக்கத்துக் கதவு. வலென்சியாவின் கடலோரத்தில் இருக்கும் கபன்யால் பேட்டையில் பல வீடுகள் அப்படித்தான். தெருவைப் பார்த்து இரண்டு கதவுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒன்று கீழ்வீட்டுக்கு, மற்றது மாடிப்படிக்கு. மாடிக் கதவில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்து அறைந்திருந்தார்கள். தம்பி அதன் எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தான். சரியாக அழுத்தினால் பெட்டி திறந்து சாவி கிடைக்கும். பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் பக்கத்தில் நின்று எங்கள் சுவரின் பச்சை ஓடுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தான். "அக்கா, சொல்லாம வந்து அசத்தலாம்னு இருந்தோம், அதுக்குள்ள நீ வந்துட்ட. மேல ஃபினேத்தா அத்தை வீட்டையே வாடகைக்கு எடுத்திருக்கேன். திங்கள் காலை வரைக்கும். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, பக்கத்துலயும் இருந்த மாதிரி ஆச்சு. இது ஸில்கே."

ஸில்கே கையை நீட்டினாள். ஸ்பானிய மொழியைப் பாடப்புத்தகத்தில் படித்தவள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. "உங்களைச் சந்திப்பதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. வீடு மிகவும் அழகாக இருக்கிறது."

அந்த மாடியில் ஃபினேத்தா அத்தை கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருந்தாள். எனக்கும் பத்திஸ்துக்கும் அம்மை போட்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். கிழட்டு வீட்டுக்காரர் செத்ததும் அவர் பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு விற்றார்கள். ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காகக் கம்பெனி மாடியைக் காலி பண்ணச் சொன்னது. போகிற அன்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் மகளும்தான் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது சகுந்தோவில் மகள் வீட்டுக் கூடத்தில், பகலில் மடித்து வைக்கிற கட்டிலில் படுக்கிறாள். தம்பியிடம் அப்பா போனில் சொன்னது, "ஃபினேத்தா பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா" என்பது மட்டும். அவன் அதை நம்பிக்கொண்டான். மியூனிக்கில் இருந்துகொண்டு எதையும் நம்புவது சுலபம்.

அடுத்தது நாங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று கம்பெனி ஆள் நேரில் வந்து, எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்லிப் போனான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயர் சென்டோ. அவர் பிறந்தது இதே வீட்டின் பின்னறையில். நான் புருஷனை விட்டுவிட்டுத் திரும்பி வந்து விழுந்ததும் அதே அறையில்தான். வீடு போகப் போகிற விஷயம் பத்திஸ்துக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "உங்க பையன் மேல வந்து இறங்கியிருக்கான். அந்தக் கம்பெனிக்கே காசு குடுத்து."

அப்பா கூரையைப் பார்த்தார். மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "நல்லதுதான். பக்கத்துல இருக்கான்ல."

"என்ன நல்லது? இப்பவே மேல போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ வாயத் திறக்கக் கூடாது, எம்பார். ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன். சட்டி இறங்கினதுக்கப்புறம்."

எங்கள் வீட்டில் பெரிய செய்தி எல்லாம் அப்போதுதான் சொல்லப்படும். ஞாயிறு மதியம் முற்றத்தில் ஆரஞ்சு மர விறகு மூட்டி அப்பா பயேயாச் சோறு வைப்பார். சோறு வெந்து தீயை இழுத்த பிறகு, அந்த அகலச் சட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, யாரும் தொடாமல் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். சாறு முழுக்க அரிசிக்குள் இறங்க வேண்டுமே. கைக்கு வேலை இல்லாத, எழுந்து போகவும் முடியாத அந்த இடைவெளியில்தான் அம்மா தனக்குக் கட்டி இருப்பதைச் சொன்னாள். பத்திஸ்த் வெளிநாடு போகப் போவதைச் சொன்னதும் அப்போதுதான். ஆகவே அப்பா பிடிவாதமாக இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. "எங்ககூட வா அக்கா, ஊரைச் சுத்திப் பாக்கலாம்," என்றான். எந்த ஊரை? தினமும் அந்த ஊருக்குள்தான் பஸ் ஓட்டுகிறேன். ஆனாலும் போனேன். தனியாக விட்டால் என்ன உளறுவானோ என்று பயம்.

பயந்தது சரிதான். காலை பத்து மணிக்கு எங்கள் பேட்டைக்காரன் எவனும் செய்வதை அவன் செய்யவில்லை. மூலையில் இருக்கும் மதுக்கடைக்குப் போய், ரொட்டி நிறையக் குதிரைக்கறியும் வேர்க்கடலையும் வாங்கி உட்காராமல், ஸில்கேவைத் தெருத்தெருவாக நடத்திக்கொண்டு போனான். அவள் ஓடு பதித்த ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தாள். பால்கனியில் காய்கிற உள்பாவாடையைக்கூட விடவில்லை. பத்திஸ்த் வழிகாட்டி வேலை பார்த்தான். மதுக்கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கேலோவின் முன்னால் நின்று, கையை வீசி, "இங்கதான் மீன் பிடிக்கிறவங்க வாழ்ந்தாங்க," என்றான்.

கேலோ இன்னும் மீன் பிடிக்கப் படகில் போகிறவர். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏன்டா, நான் எப்படா செத்தேன்? எனக்கு யாருமே சொல்லலையே."

பக்கத்து மேஜைகள் சிரித்தன. பத்திஸ்தும் சிரித்தான், முகம் சிவந்து. "மாமா, சும்மா ஒரு பேச்சுக்கு."

"சாவுக்கு வரலன்னாலும் பரவால்ல. ஒரு பூவாவது அனுப்பியிருக்கலாம்."

பிறகு டிராம் ஏறி ஊர் நடுவுக்குப் போனோம். பழைய கோட்டை வாசல் கோபுரத்தில் ஏறினோம். பட்டு வியாபாரிகளின் மண்டபத்தில் முறுக்கிய தூண்களை அண்ணாந்து பார்த்து ஸில்கேவுக்குக் கழுத்து வலித்தது. பெரிய சந்தையில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ஒரு கைப்பிடி பாதாம் வாங்கினார்கள். கோரைக்கிழங்குப் பால் குடிக்க, உள்ளூர்க்காரன் எவனும் கால் வைக்காத கடையில் வரிசையில் நின்றோம். பத்திஸ்த் எல்லாவற்றையும் புதிதாகப் பார்ப்பவனைப் போலப் பார்த்தான். ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டுப் படுகையைத் தோட்டமாக்கியிருக்கிறார்களே, அங்கே நான்தான் அவனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தேன். அதைக்கூட ஸில்கேவிடம் கையேட்டில் படித்ததுபோல நீள அகலத்தோடு சொன்னான். எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நீ யாரடா, எந்த ஊர்க்காரன் என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

ஸில்கேமீது மட்டும் கோபம் வரவில்லை. அதுவும் ஒரு எரிச்சல். அவள் வாயைத் திறந்தாலே நன்றி சொன்னாள். டிராமில் வயதானவருக்கு எழுந்து இடம் கொடுத்தாள். "உங்கள் தந்தை சமைப்பதைச் சாப்பிடப் போகிறோம் என்று பத்திஸ்த் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தம்பியிடம் தனியாகச் சொன்னேன். "நாளைக்கு ரெண்டரைக்கு முற்றத்துல இருக்கணும். அப்பா சட்டிய இறக்கறப்ப நீ அங்க உக்காந்திருக்கணும். புரியுதா?"

"என்னக்கா இது, எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரன்தானே."

ஞாயிற்றுக்கிழமை அப்பா விடியும் முன்பே எழுந்து முயலையும் கோழியையும் துண்டு போட்டார். வெள்ளை மொச்சையை உரித்தார். முகத்தை மழித்து, அம்மா இருந்தபோது வாங்கிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அரிசி போடும் முன் என்னைத் தெருவுக்கு அனுப்பினார். தெருவில் ஆள் இல்லை. போன் பண்ணினேன், கதீட்ரல் பக்கம் இருக்கிறோம், இதோ கிளம்பிவிட்டோம் என்றான். அப்பா அதை நம்பி அரிசியைப் போட்டார். போட்ட பிறகு அதை நிறுத்த முடியாது.

சட்டி இறங்கியது. துணி போட்டு மூடினோம். அப்பாவும் நானும் காலி நாற்காலிகளுமாக உட்கார்ந்திருந்தோம். அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமினார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எலுமிச்சை மரத்தில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. இருக்க வேண்டிய நேரம் ஆகி, அதற்கு மேலும் ஆகி, துணியை எடுக்காவிட்டால் சோறு குழைந்துவிடும் என்ற நிலையில் அப்பாவே எடுத்தார்.

அப்போதுதான் வந்தார்கள். வெயிலில் கன்றிய முகத்தோடு, கையில் பைகளோடு. "மன்னிச்சுக்குங்கப்பா, டிராம்ல கூட்டம்."

சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவரவருக்கு நேரே இருக்கும் பங்கை மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் போகக் கூடாது. ஸில்கே பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டாள். ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். பத்திஸ்த் கரண்டியால் ஒரு மொச்சையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, சாப்பிடல?" என்றார் அப்பா.

"சாப்பிடறேன்ப்பா. மெதுவா."

ஸில்கே மறைக்கத் தெரியாதவள். "நாங்கள் பன்னிரண்டு மணிக்கே கதீட்ரல் அருகே சாப்பிட்டுவிட்டோம். எனக்குப் பசித்தது, அது என் தவறு. அங்கேயும் பயேயாதான். ஆனால் அதில் பட்டாணியும் காரமான தொத்திறைச்சியும் இருந்தன. இது முற்றிலும் வேறு."

ஒரு வலென்சியாக்காரன், அப்பன் விறகு மூட்டிக் காத்திருக்க, கடை வாசலில் படம் ஒட்டி விற்கிற பட்டாணிச் சோற்றைப் பன்னிரண்டு மணிக்குத் தின்றுவிட்டு வந்திருக்கிறான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கரண்டியை எறிந்திருப்பேன். அப்பா மட்டும், "பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே, அதுல என்ன," என்று ஸில்கேவிடம் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் இன்றைக்கு எதுவும் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக் காலை இவன் விமானம் ஏறிவிடுவான். சமாதானம் பண்ண நினைத்தோ என்னவோ பத்திஸ்த் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தான்.

"அடுத்த தடவ ஒரு வாரம் வரோம்ப்பா. இதே இடத்துலதான். வீடு விடற கம்பெனியில பேசினேன். வசந்தத்துல இதே கட்டடத்துல இன்னொண்ணு தயாராகுதாம். மாடிய விடப் பெருசாம். எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடலாம், முற்றம்கூட..."

அங்கே பேச்சை நிறுத்தினான். வாய் திறந்தபடி இருந்தது. இந்தக் கட்டடத்தில் முற்றம் ஒன்றுதான் இருக்கிறது.

ஸில்கே கவனிக்காமல் தொடர்ந்தாள். "ஆமாம், படம் வரைந்து அனுப்பியிருந்தார்கள். எலுமிச்சை மரத்துக்குக் கீழே ஒரு குளியல் தொட்டி." சொல்லிக்கொண்டே மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கரண்டியைச் சட்டி விளிம்பில் சத்தமில்லாமல் வைத்தாள்.

"அக்கா," என்றான் பத்திஸ்த். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்," என்றார் அப்பா. "சட்டி இறங்கினதும் நானே சொல்லலாம்னு இருந்தேன். நீ அப்ப டிராம்ல இருந்த." கோபமே இல்லாமல் சொன்னார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "ஆறிடும். சாப்பிடு."

பத்திஸ்த் கரண்டியை எடுத்தான். ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். மென்றானா விழுங்கினானா தெரியவில்லை. வயிறு நிறைந்தவன், அப்படியும் நிறுத்தாமல் அள்ளினான். கண் சட்டியை விட்டு நிமிரவே இல்லை. அடியில் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான். அவன் பங்கில் இரும்பு தெரிந்தது. அப்போதும் கை நிற்கவில்லை. கரண்டி பக்கவாட்டில் நகர்ந்து என் பங்குக்குள் வந்தது.

என் கரண்டியைக் குறுக்கே வைத்தேன். "இது என்னோடது," என்றேன்.

"விடுடி," என்றார் அப்பா.

நான் விடவில்லை. அவனும் எடுக்கவில்லை. நாலைந்து பருக்கைகளைத் தாங்கியபடி அவன் கரண்டி என் கரண்டியை முட்டிக்கொண்டு நின்றது.