துபுர்னி

எங்கள் ராக் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு பாட்டு, ‘துபுர்னி’. எங்கள் கடலோர ஊரான சைதாவில் அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. அரபியில் அந்தச் சொல்லுக்கு, நீ என்னைப் புதைக்கணும் என்று அர்த்தம். உனக்கு முன்னால் நான் போய்விடணும், உன் மேல் அவ்வளவு ஆசை என்று சொல்வதுதான் அது. எங்கள் அம்மாக்கள் தட்டில் சோறு வைக்கும்போதுகூடச் சொல்வார்கள். யாரும் சாவை நினைப்பதில்லை. ‘ஒரே ஒரு தரம் சொல்லு’ என்று எங்கள் பாடகன் ஹைஸம் பாட்டில் கெஞ்சுவான். யாரிடம் என்று ஊரே கேட்டது. பல் டாக்டர் மகளிடம்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்த புத்திசாலி நான். டிரம்ஸ் அடிக்கிற எனக்குக் கைதான் சும்மா இருக்காது என்றால் வாயும் அப்படித்தான். ஹைஸம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன மாதம் அவன் மாமா மகளுக்குக் கல்யாணம். அவன் அம்மாவும் வந்திருந்தார். எங்கள் வழக்கப்படி மூத்த மகன் பெயரைச் சேர்த்து உம் வஜ்தி, அதாவது வஜ்தியின் அம்மா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வஜ்தி கடலில் மூழ்கிப் பத்து வருஷமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

‘துபுர்னி’ தொடங்கியதும் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஹைஸம் கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினான். என்னவோ ஏதோ என்று நானும் போனேன்.

வாசல் படியில் நின்றிருந்தார். மகனைப் பார்த்ததும், “காதல் பாட்டுன்னு ஊரு ஆடுது. எனக்குத் தெரியாதாடா? தினமும் வஜ்திகிட்ட நான் சொன்ன வார்த்தை. கடைசியில நான்தான் அவனப் பொதச்சேன். அதயே ஊரறியக் குத்திக் காட்டிட்டு இருக்க” என்றார்.

ஹைஸம் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “அவனப் பத்தி இல்லம்மா. அவன் போனப்புறம் எங்கிட்ட நீ ஒரு தரம்கூட அதச் சொல்லல. அதத்தான் கேட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த வரிக்குப் பின்னால் இத்தனை வருஷம் தாளம் போட்டவன் நான்.

உம் வஜ்தி கைப்பையைப் படியில் வைத்தார். பிறகு, “பயம்டா. சொன்னா நீயும் போயிடுவியோன்னு” என்றார்.

கடற்காற்று அடித்தது. அவன் சட்டை வேர்வையில் நனைந்து கிடந்தது. அதைப் பார்த்தார்.

“மேல் பட்டனப் போடு, துபுர்னி. சளி பிடிக்கும்.”

போட்டான். முப்பது வயது ஆளுக்கு அந்த ஒரு பட்டனைப் போட ரொம்ப நேரம் ஆயிற்று.

உள்ளே கூட்டம் விடவில்லை. முதலிலிருந்து வாசித்தோம். உம் வஜ்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ‘ஒரே ஒரு தரம் சொல்லு’ வந்தபோது ஹைஸம் மைக்கை விட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

பாடகனுக்கு வரி மறந்துபோச்சு என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். இந்தத் தடவை என் வாய் சும்மா இருந்தது, கை மட்டும் தாளம் போட்டது.