போணிக்குக் கொடுத்த தந்தி

தேர்வுக்கு நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. எங்கள் வயலின் கடைக்குள் கால் வைத்ததும் நுயெட் அக்கா அதைத்தான் சொன்னார்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கு உள்ள கூப்பிடுவாங்க தங்கச்சி. நாற்பத்தேழு மணி நேரம். பஸ்ல வரும்போதே எண்ணிக்கிட்டு வந்தேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது. நான் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தேன். கடை முதலாளி தொவான் மாமா உள்ளறையில் தேநீருக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பின்னால் அவர் மகள் கூயென் நின்றாள். பத்து வயது. முக்கால் அளவு வயலின் பெட்டி முதுகில் கனத்தது. இருவரும் தாய் பின் என்ற ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அங்கே பஸ் நிலையத்தில் அக்கா அவித்த வாத்து முட்டை விற்கிறார். போன வருடம் இந்த வயலினை வாங்க வந்தபோதே பழக்கம். இந்தத் தடவை எனக்கென்று பத்து முட்டையும் ஒரு துண்டு இஞ்சியும் பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இவ ஒரு மாசமா முட்டையைத் தொடல. சைபர் மாதிரி இருக்காம், பரீட்சைக்கு ஆகாதாம். அந்த முட்டையை வித்துத்தான்டி உனக்கு வயலின் வந்துச்சுன்னா காதுல ஏறல."

"வாழைப்பழம் வழுக்கும், தின்னாதன்னு நீதானம்மா சொன்ன?"

"அது வேற, இது வேற."

எங்கள் தெருவின் கோடியில்தான் இசைப்பள்ளி. பதினொரு வயது ஆகிவிட்டால் வயலின் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். கூயெனுக்குச் செப்டம்பரில் பதினொன்று. இந்தச் சனிக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு சனிக்கிழமை கிடையாது.

பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது தந்தியின் மேல்சுற்று விரல் படும் இடத்தில் பிரிந்து, உள்ளே இருந்த இழை தெரிந்தது. மற்றவையும் கறுத்திருந்தன. நான்கையும் மாற்ற வேண்டும்.

"வாத்தியாரும் அதேதான் சொன்னாரு. நல்ல தந்தியாப் போடுங்கன்னாரு. ஆனா விலை கட்டுப்படியாகணும்."

இரண்டு உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். சிவப்பு உறையில் உள்நாட்டு எஃகுத் தந்தி, மூன்று லட்சம் டாங். நீல உறையில் வெளிநாட்டுத் தந்தி, பதினாறு லட்சம். அதன் நடு இழை எஃகு இல்லை, நைலான் போன்ற ஒன்று. குரல் கொஞ்சம் கனிவாக வரும்.

"சிவப்பை எடுங்க அக்கா. இன்னைக்குப் போட்டா நாளைக்கே சுருதி நிக்கும். நீலம் பழக ஒரு வாரம் ஆகும்."

நான் சொன்னது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்தது அது மட்டும் இல்லை. நீல உறையைப் பற்றி இன்னொன்றும் தெரியும். அதைச் சொல்லவில்லை. வேதியியலில் பட்டம் வாங்கி இரண்டு வருடம் எந்த ஆய்வுக்கூடத்திலும் இடம் கிடைக்காமல்தான் இந்தக் கடைக்கு வந்தேன். தந்தி மாட்டுவேன், ரசீது எழுதுவேன். அதிகம் பேச வராது. 'வாய் பேசாத பொண்ணும் பூட்டின கல்லாவும் ஒண்ணு' என்று தொவான் மாமா வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா சிவப்பு உறையைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்தார்.

"என்னைப் பாத்ததும் மலிவானதைத் தூக்கி வைக்கிறியே தங்கச்சி."

"அப்படி இல்லைக்கா."

"முட்டைக்காரி மகளுக்கு இது போதும்னு நினைச்சியா? தேர்வுல உக்காந்திருக்கிறவங்களும் அப்படித்தான் நினைப்பாங்க."

உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன்.

"நல்லது வேணும்னா, பக்கத்துக் கடையிலயும் ஒரு தடவை பாத்துட்டு வாங்க."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நான்தானே இன்னைக்கு முதல் ஆளு?"

"ஆமா."

"போணி பண்ணாம எந்திரிச்சுப் போகச் சொல்றியா? நானும் யாவாரிதான். காலங்காத்தால ஒருத்தி வந்து முட்டையை உருட்டிப் பாத்துட்டு வெறுங்கையோட போனா, அன்னைக்குப் பூரா ஈ ஓட்டணும். அந்தப் பாவத்தைப் பரீட்சைக்கு முன்னாடி என் பிள்ளை தலையில கட்டவா?"

போணி ஆகாத காலைகளில் தொவான் மாமா காகிதத்தைக் கொளுத்தி வாசலில் மூன்று சுற்றுச் சுற்றிப் போடுவார். போனவளின் தோஷம் போகட்டும் என்று சத்தமாகச் சொல்வார்.

மாமா தேநீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்தார். நாங்கள் பேசியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ தெரியவில்லை.

"வா தங்கச்சி. பொண்ணு தேர்வுக்கா? எஃகு தகரம் மாதிரி கத்தும். முதல் சுரத்துலயே அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"பதினாறுக்கு எங்கண்ணே போவேன்?"

"முதல் போணி. கை ராசிக்காரி வேற. ஒன்பது குடு. வேற யாருக்கும் தர மாட்டேன், வெளிய சொல்லிடாதே."

அக்காவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நீல உறையைப் பிரித்தேன். அவர் இடுப்புப் பையிலிருந்து ரப்பர் போட்ட கட்டை எடுத்தார். மாமா முதல் நோட்டை நெற்றியில் ஒற்றி, கடையில் இருந்த வயலின்கள்மேல் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு வந்தார்.

நான் தந்திகளை மாட்டினேன். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, தந்தியை முறுக்கும் பிரடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கூயென் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் இரண்டாவது தந்தியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"அத்தை, இது ஏன் இவ்வளவு விறைப்பா இருக்கு? வாத்தியார் வயலின்லயும் நீலம்தான். அது மெத்துன்னு இருக்கும்."

மாமா கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"புதுசுன்னா அப்படித்தான்" என்றேன். "சுருதி இறங்கும். ஒரு மணிக்கு ஒரு தடவை மெதுவாத் திருகிக்கோ."

அவள் தலையாட்டினாள். அன்று மத்தியானம் இஞ்சியை நறுக்கி நான்கு முட்டை சாப்பிட்டேன். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். வெளியே மழை. பெட்டியை இப்போது அக்கா தூக்கி வந்தார். அதை மாமாவின் முன்னால் வைத்தார்.

"இதை எடுத்துக்கிட்டு என்ன தருவீங்கண்ணே?"

"ஏன், என்னாச்சு?"

"ரெண்டாவது பாட்டுல பாதியில அறுந்துடுச்சு. வேற வயலின் யாராவது குடுங்கன்னு கேட்டேன். முக்கால் அளவு யாருகிட்டயும் இல்ல. போதும், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்கன்னுட்டாங்க."

மாமா பெட்டியைத் திறந்தார். இரண்டாவது தந்தி பிரடையின் அருகில் அறுந்து சுருண்டிருந்தது.

"அளவுக்கு மீறித் திருகியிருக்கா. சின்னப் பிள்ளைங்க பயத்துல செய்றதுதான். என்ன பண்றது."

"நானும் அதைத்தான் சொன்னேன்." அக்கா மகளைப் பார்க்காமல் பேசினார். "இருக்கிறதுலயே உசந்த தந்தி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு நாள் அதைக் கட்டிக் காப்பாத்தத் துப்பில்ல. முட்டைக்காரி மகளுக்கு முட்டைதான்."

"மெதுவாத்தான்மா திருகினேன். அத்தை சொன்ன மாதிரி, ஒரு மணிக்கு ஒரு தடவை."

"ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு எதுக்குத் திருகின?"

"இறங்கியிருந்துச்சு."

"இறங்கினா இறங்கட்டும்னு விடாம."

கூயென் அழவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள். விரல்களை மடக்கி, விரித்து, திருப்பிப் பார்த்தாள். பிறகு, "என் கையாலதான் ஆச்சு" என்றாள், மெல்ல, தனக்குத் தானே.

அக்கா பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார். தோலை உரித்து அவள் கையில் வைத்தார்.

"தின்னு. இனி என்ன."

அவள் தின்றாள். மாமா வயலினைத் திருப்பி முதுகுப் பலகையைத் தட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னார். வாங்கிய விலையில் கால்வாசிகூட இல்லை. அக்கா பேரம் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மாமா ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"எழுதும்மா."

நான் இழுப்பறையைத் திறந்தேன். பேனாவுக்குப் பக்கத்தில் அந்தக் காந்தம் இருந்தது. உடைந்த ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து நான் எடுத்து வைத்தது. ஏப்ரலில் நீல உறைகள் பெட்டியாக வந்திறங்கிய அன்று அதைக் கடைசியாக எடுத்தேன். இப்போது மறுபடி எடுத்தேன். வயலினிலிருந்து அறுந்த தந்தியை உருவி மேசைமேல் வைத்து, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். தந்தி துள்ளி அதில் ஒட்டிக்கொண்டது.

கூயென் மெல்லுவதை நிறுத்தினாள்.

"லாம்" என்று என்னைக் கூப்பிட்டார் மாமா. "ரசீதை எழுது."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

"அவ கையால ஆகலைக்கா. அசல் நீலத்துல இரண்டாவது தந்திக்குள்ள எஃகு கிடையாது, காந்தத்துல ஒட்டாது. இது போலி. நீங்க போணி பண்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."