ஒரு கப் மைதா

கேக் கடையில் ஓவன் அக்காவின் பொறுப்பு, கணக்கு தம்பியின் பொறுப்பு. பக்கத்துக் கடைகளிலிருந்து ஆர்டர் குவியத் தொடங்கியதும், "இனிமே கப்புக் கணக்கெல்லாம் வேலைக்கு ஆகாதுக்கா. எல்லாத்தையும் கிராமுக்கு மாத்திடறேன்" என்று புதுத் தராசோடு வந்து உட்கார்ந்தான். மூட்டைக்குள் கப்பை விட்டு மைதாவை அள்ளினான். மேஜையில் தட்டி, இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பி, வழித்துவிட்டு எடை போட்டான். வந்த எண்ணை எழுதி மிக்சருக்கு மேலே ஒட்டினான். முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை மாதிரி அன்று முழுக்க நடமாடினான்.

"மாவு கெட்டியா இருக்கே" என்றாள் அக்கா, முதல் நாளே.

"தராசு பொய் சொல்லாதுக்கா."

தராசு பொய் சொல்லவில்லைதான். கேக் மட்டும் செங்கல் மாதிரி வந்தது. மறுநாளும் அதே கதை. கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஒருவர் பெட்டியோடு திருப்பி அனுப்பினார். அக்கா ஓவனைச் சந்தேகப்பட்டாள், முட்டையைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டாள். இத்தனை வருஷம் பேர் வாங்கிக் கொடுத்த கைப்பக்குவம் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அவள் வீட்டுக்குப் போனான். பிள்ளைகளுக்கு பிஸ்கட் செய்துகொண்டிருந்தாள். கப்பை மேஜையில் வைத்து, அதன் மேலே சல்லடையைப் பிடித்து, மைதாவைச் சலித்து மெல்ல உதிரவிட்டாள். தட்டவில்லை, அழுத்தவில்லை. தம்பிக்குத் தான் தட்டி நிரப்பி அளந்தது நினைவுக்கு வந்தது. நேரே கடைக்கு ஓடி, அதேபோல் சலித்து எடை போட்டுப் பார்த்தான். அவன் ஒட்டிய எண்ணைவிடக் கப்புக்கு நாற்பது கிராம் குறைந்தது.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். கௌரவம் விடவில்லை. மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன் பழைய எண்ணைக் கிழித்துவிட்டுப் புது எண்ணை ஒட்டினான். அக்கா கையால் கேக் நன்றாக வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று மனக்கணக்குப் போட்டான், கணக்குப் புலி.

அன்றைக்குப் பார்த்து அக்காவுக்கு மணிக்கட்டு வலி. மாவைக் கலக்கியது தம்பியின் மனைவி. கேக் பஞ்சு மாதிரி வந்தது.

அக்கா ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டாள். மென்றுகொண்டே ஏப்ரனைக் கழற்றித் தம்பி மனைவியிடம் கொடுத்தாள். "இனிமே நீயே பாத்துக்கோம்மா." சாமான் அறைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பின்னாலேயே போன தம்பியின் தோளில் சாய்ந்து அழுதாள். அவன் சொல்லத்தான் வாயெடுத்தான். வந்தது வேறு.

"வயசாகுதுல்லக்கா, விடு."

பாவி, அதையா சொல்வான்? சொன்ன வாயில் நாலு அறை விட வேண்டும் போல அவனுக்கே இருந்தது.

அதன்பிறகு அக்கா கல்லாவில் உட்கார்ந்தாள். ஓவன் பக்கம் தலைகூடத் திருப்பவில்லை. கேக் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "எல்லாம் தம்பி பொண்டாட்டி கைராசி" என்பாள், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கல்லாவுக்கு முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: தட்டி அளந்ததை, சல்லடையைப் பார்த்ததை, எண்ணை மாற்றியதை.

அக்கா கல்லாவை மூடினாள்.

"நம்பர எப்ப மாத்தின?"

"உனக்குக் கை வலிச்ச அன்னைக்கு. காலையில."

"அப்ப, நான் உள்ள உக்காந்து அழுதப்ப உனக்குத் தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அளக்கறதுல தப்பு யாருக்கும் வரும்டா" என்றாள் அக்கா. "ஆனா நான் உன் தோள்லதானே சாஞ்சு அழுதேன்?"